கித்தேரியின் மடி

முத்தாலங்குளம் என்று பெயரில் மட்டும் குளத்தை வைத்துக்கொண்டிருக்கிற அந்த ஊருக்கு, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் பாதிப் பேர் கிழக்கேயும் மீதிப் பேர் தெற்கேயும் கையைக் காட்டுகிற அந்த ஊருக்கு, ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, சந்தை கலைந்து காய்கறிக்காரிகள் சாக்கை உதறிக்கொண்டிருந்த மத்தியான வெயிலில், ஒரு பேராமை நடந்து வந்தது.

பார்த்திபனூர் ரோட்டில் இடது ஓரமாகவே வந்தது. பின்னால் லாரி வந்தால் ஒதுங்கியது. ரயில்வே கேட் மூடியிருந்தபோது தலையை இழுத்துக்கொண்டு காத்திருந்து, கேட்டைத் தூக்கின பிறகுதான் கிளம்பியது. இந்த ஊர் டூவீலர்காரன் ஒருத்தனுக்காவது அந்தப் பொறுமை உண்டா என்று கேட்கீப்பர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டு அண்டாவைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி முதுகு, அதில் ஒட்டிக் காய்ந்த சிப்பி, முன்னங்கால்களைத் தாரில் ஊன்றி ஊன்றி ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு பெருமூச்சு. நாலு ரோட்டில் போலீஸ்காரர் ஒரு கையால் மினி பஸ்ஸை நிறுத்தி மறு கையால் அதற்கு வழி விட்டார். கடலாமை எப்படி இத்தனை ஊர் தாண்டி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பழனிக்கும் திருச்செந்தூருக்கும் இருக்கன்குடிக்கும் நடந்து போகிறவர்கள் வருசம் பூராவும் அந்த ஊர் வழியாகத்தான் போகிறார்கள். காலில் கொப்புளமும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக வருகிறவர்களை நிறுத்தி ஏன் நடக்கிறாய் என்று கேட்பது மரியாதை இல்லை என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே டீக்கடை மூக்கையா, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார்.

"யாரு வீட்டுக்கு வந்துருக்கு?"

கேள்வி சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் ஆமை காசிமாயன் கடைப் பக்கம் திரும்பிவிட்டது. காசிமாயன் செங்கல், மணல், ஜல்லி விற்கிறவர். கடைக்குப் பின்னால் அவருடைய காம்பவுண்டில் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், கடைசி வீட்டில் கித்தேரி. கல்யாண மண்டபத்தில் விசேஷம் இருந்தால் போய்ப் பாத்திரம் தேய்ப்பாள். இல்லாத நாளில் மணல் குவியலின் நிழலில் உட்கார்ந்து, மடியில் முருங்கைக்கீரையைப் போட்டு உருவிக்கொண்டிருப்பாள். அன்றைக்கும் அப்படி உருவிக்கொண்டிருந்தவளிடம் நேராக வந்த ஆமை, கீரையை மூக்கால் ஒதுக்கிவிட்டு, அவள் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடியது.

கித்தேரி பயப்படவில்லை. அதன் இடது முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தது. அவள் முன்பு வேலை பார்த்த ஆமைப் பண்ணையில் வளர்ந்தது என்பதற்கு அடையாளமாகப் போடுகிற வெட்டு, அவள் பிடித்துக்கொள்ளப் பண்ணை டாக்டர் போட்டது.

"வந்துட்டியா?" என்றாள்.

அந்த வார்த்தையை யாரிடமாவது சொல்லி அவளுக்கு எத்தனையோ வருசம் ஆகியிருந்தது.

கித்தேரிக்குச் சொந்த ஊர் மன்னார் வளைகுடாக் கரையில் சிப்பிமுனை. அந்தக் கரையில் வலையின் பைக்கு மடி என்று பெயர். இழுவை மடி, இரட்டை மடி, சுருக்கு மடி என்று எத்தனை மடி உண்டோ அத்தனையிலும் மீனோடு ஆமையும் ஏறி, மூச்சு முட்டிச் செத்து, கரையில் வந்து ஒதுங்கும். கடலில் இனி பேராமை இருக்காது என்று ஆனபோது ஓர் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். கடல்தண்ணீரைப் பெரிய பெரிய தொட்டிகளில் ஏற்றி, தொட்டி ஓரத்தில் மணல்மேடு போட்டு, ஆணும் பெண்ணுமாக ஆமைகளை வளர்த்து, முட்டை இட வைத்து, குஞ்சு பொரிக்க வைத்து, குஞ்சு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் திரண்ட பிறகு கடலில் விட்டார்கள். ஊரில் அதற்கு ஆமைப் பண்ணை என்று பெயர். மத்தியானம் மத்தியானம் தொட்டிக்குத் தீனி போடுகிற வேலைக்குக் கித்தேரி சேர்ந்தாள். அவள் புருசன் தொம்மை கொச்சிப் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போனது அதே வருசம்தான். முதலில் ஆள் மூலம் சேதி வந்தது, அப்புறம் சேதி இல்லை, அப்புறம் அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது என்று சேதி வந்தது. செத்திருந்தால் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கலாம். உயிரோடு இருக்கிறவனுக்கு என்ன வைப்பது?

பண்ணையில் ஒரு விதி உண்டு. குஞ்சு பொரித்த அன்றைக்கே, தொட்டியில் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு குஞ்சையும் கரை மணலில் விட வேண்டும். அது தானாக நடந்து போய் அலையைத் தொட்ட பிறகு வலைக்கரண்டியால் அள்ளிக்கொண்டு வர வேண்டும்.

"நடந்த மணலை அது சாகுற வரைக்கும் மறக்காது கித்தேரிம்மா. பெரிசாகி முட்டையிட அந்த மணலைத் தேடித்தான் வரும். அதனால தூக்கிடாதீங்க, நடக்க விடுங்க" என்று டாக்டர் வசுமதி படித்துப் படித்துச் சொன்னாள். காலேஜ் முடித்த கையோடு வந்திருந்த சின்னப் பெண்.

கித்தேரி தலையை ஆட்டினாள். ஆனால் சிப்பிமுனையில் பச்சைப் பிள்ளையை மணலில் விடுகிற வழக்கம் கிடையாது. ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஒரு நாள் பிள்ளையை மடியில் போட்டு அலை வரைக்கும் கொண்டுபோய், தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்து, உள்ளங்காலில் ஒரு மணல்கூட ஒட்டாமல் திருப்பிக் கொண்டுவருவார்கள். கடல் காட்டுவது என்று அதற்குப் பெயர். மணல் ஒட்டிவிட்டால் அந்தப் பிள்ளை வீடு தங்காது, ஊர் ஊராக ஓடும் என்று சொல்வார்கள். தொம்மைக்குக் கடல் காட்டியபோது அவன் அம்மா கை தவறி அவனை மணலில் வைத்துவிட்டாளாம். அவன் கொச்சியோடு போய்விட்டான் என்றதும் ஊர்க்காரர்கள் கித்தேரியிடம் முதலில் சொன்னது அதைத்தான். கடல் காட்ட அவளுக்கு ஒரு பிள்ளை வாய்க்கவும் இல்லை. இப்படிப்பட்டவளிடம், முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வந்து ஒரு நாள்கூட ஆகாத ஜீவனைக் கொடுத்து, காக்காய் பார்த்துக்கொண்டிருக்கிற கொதி மணலில் விடச் சொன்னால் விடுவாளா? வசுமதி கொட்டகைக்குள் எடை போட்டுக்கொண்டிருக்க, கித்தேரி அத்தனை குஞ்சையும் மடியில் கட்டிக்கொண்டு போய், அலையில் ஒரு தடவை நனைத்து, அப்படியே மடியில் கொண்டுவந்தாள். பண்ணை நடந்த அத்தனை வருசமும் அப்படித்தான் கொண்டுவந்தாள்.

ஒரு மடியில் செத்தது இன்னொரு மடியில் பிறக்கிறது என்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவளும் சிரிப்பாள்.

பிறகு பண்ணையை மூடினார்கள். ஏன் மூடினார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தொட்டிகள் வெறிச்சோடிப் போன பிறகு சிப்பிமுனையில் கித்தேரிக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்விதான். "தொம்மை வந்தானா?" கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரிதான் கேட்டார்கள். காலையில் தண்ணீர்க் குழாயில் கேட்டார்கள், மாதா கோவில் வாசலில் கேட்டார்கள், மீன் ஏலத்தில் கேட்டார்கள். கடலே இல்லாத ஊரில் அப்படிக் கேட்க ஆள் இருக்காது என்று நினைத்துத்தான் முத்தாலங்குளம் வந்து சேர்ந்தாள். உண்மையிலேயே அங்கே அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அதுவும் பழகுவதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆமை அவள் மடியில் தலையை வைத்தபடியே பின்னங்கால்களால் மணலைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டு, கண்ணிலிருந்து நீர் வழிய ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது. காசிமாயன் கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இந்தாம்மா கித்தேரி, வீட்டுக்குள்ள ஆமை வந்தா குடும்பம் வெளங்காதும்பாக. நீ வேற எடம் பாத்துக்க."

அவர் பெண்டாட்டி ஒச்சம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வீட்டுக்குள்ளயா வந்துச்சு? மணலுக்கில்ல வந்துச்சு. மணலக் கொண்டாந்து நீதான ரோட்டுல கொட்டி வச்சுருக்க. அதுலயும் பாதி நகராட்சி எடம். அக்கா, நீ பேசாம உள்ள போ."

நகராட்சி இடம் என்ற பேச்சு வந்ததும் காசிமாயன் அடங்கிவிட்டார். மறுநாள் ஒரு மேஸ்திரி அந்தக் குவியலில் மண்வெட்டியைப் போடப் போனபோது, "ஏய், அது புள்ளத்தாச்சி, தொடாத. அந்தப் பக்கம் உள்ளதுல அள்ளு" என்று அவரே சத்தம் போட்டார்.

மாசியில் இன்னும் வந்தன. ஒன்று வந்து நாலைந்து நாள் கழித்து இன்னொன்று, சில நாள் இரண்டு சேர்ந்தாற்போல, எல்லாம் மத்தியானத்தில், பண்ணையில் தீனி போடுகிற அதே நேரத்துக்கு. ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. மினி பஸ்காரர்கள் ஓரத்தில் ஓர் ஆமை அகலத்துக்கு இடம் விட்டு ஓட்டப் பழகினார்கள். மூக்கையா டீக்கடை வாசலில் பானை வைத்தார். ஆமை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கடலில் இருக்கிறதுக்கு நல்ல தண்ணியைக் கொடுத்தால் எப்படிக் குடிக்கும் என்று யாரோ சொல்ல, பலசரக்குக் கடைக்காரர் ஒரு மூட்டை கல்லுப்பு கொடுக்க, நாலு ரோட்டில் கீற்றுப் போட்டு உப்புத் தண்ணீர்ப் பந்தல் திறந்தார்கள். பழனிக்குப் போகிறவர்கள் தெரியாமல் குடித்துத் துப்பிவிட்டுத் திட்டியதால் 'ஆமைகளுக்கு மட்டும்' என்று ஒரு போர்டு மாட்ட வேண்டியதாயிற்று. வார்டு கவுன்சிலர் 'கடல் தந்த உறவுகளே வருக' என்று ஃப்ளெக்ஸ் கட்டினார். அதில் ஆமையைவிட அவர் பெரிதாக இருந்தார்.

கித்தேரியிடமும் இப்போது பேச்சுக் கொடுத்தார்கள். மண்டபத்துக்குப் போகிற வழியில், "என்னக்கா, இன்னைக்கு யாரும் வரலையா?" என்பார் மூக்கையா. "நேத்து ரெண்டு பேரு வந்தாக" என்று சொல்லிவிட்டுப் போவாள். வந்தார்களா என்ற கேள்விக்கு வந்தார்கள் என்று பதில் சொல்ல முடிகிறது என்பதே அவளுக்கு நம்ப முடியாததாக இருந்தது. ஆனாலும் ஆமைகள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். போன பிறகு மணலில் அவள் உட்கார்ந்திருந்த பள்ளம் மட்டும் இருக்கும்.

பங்குனிப் பிறப்பில் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன். இலவசக் கண் முகாம்காரர்கள் வேனில் மதுரைக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து, இரண்டு நாள் படுக்க வைத்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை அதே தடத்தில் ஓடுகிற பஸ்ஸின் கண்டக்டர் காம்பவுண்டுக்கே தேடிக்கொண்டு வந்தார்.

"அக்கா, உங்க வீட்டு ஆளு ஒண்ணு மதுர ரோட்டுல செத்துக் கெடக்குக்கா."

காசிமாயன் டிப்பரை எடுத்தார். ராஜகம்பீரம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் அந்த ஆமை வெயிலில் வெந்து கிடந்தது. பார்த்திபனூர் விலக்கில் எப்போதும் போல முத்தாலங்குளத்துக்குத் திரும்பாமல், கித்தேரி மதுரையில் இருந்ததால் மதுரைப் பக்கம் போயிருக்கிறது. அந்தப் பக்கத்து ரோட்டுக்கு ஆமையும் பழக்கமில்லை, பந்தலும் இல்லை. ஓரத்துப் புழுதியில் தடம் தெளிவாக இருந்தது. வடக்கே பார்த்து நேராகப் போன தடம், ஓரிடத்தில் வட்டமடித்து, வந்த பக்கமே திரும்பியிருந்தது. கித்தேரி அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் வந்த பஸ் அந்த இடத்தில்தான் அதைத் தாண்டியிருக்கிறது. கட்டுப் போட்ட கண் ஜன்னல் பக்கம் இருந்ததால் அவள் பார்க்கவில்லை. அது திரும்பி, பஸ்ஸுக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறது.

அழக்கூடாது, கட்டு நனையக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அழாமல் எப்படி இருப்பது என்று அவர்கள் சொல்லவில்லை. டிப்பரில் ஆமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், வீடு வந்ததும் ஒச்சம்மாவிடம் சொல்லி டாக்டர் வசுமதிக்குப் போன் போட வைத்தாள்.

வசுமதி இப்போது தூத்துக்குடியில் ஒரு காலேஜில் வேலை பார்த்தாள். வந்து இறங்கியபோது காதோரம் நரைத்திருந்தது. மணல் குவியலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கித்தேரிக்கு எதிரில் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"கித்தேரிம்மா, குஞ்சுகளை நடக்க விட்டீங்களா?"

"இல்ல மேடம். மடியிலதான் கொண்டு போனேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

வசுமதி கோபப்படவில்லை. கீழே கிடந்த ஒரு செங்கல் துண்டைக் கையில் எடுத்து, பார்த்து, கீழே வைத்தாள். "அப்ப அதுகளுக்குக் கரை நீங்கதான்" என்றாள்.

அதைக் கேட்டதும் கித்தேரிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளைப் பார்த்து, நீ எனக்கு இன்னது என்று அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. ஆனால் புழுதியில் பார்த்த வட்டம் உடனே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"இந்த மணல்ல இருக்கிற குஞ்சுக?"

"தாய்க்கு எது கரையோ அதைத்தான் தேடும். வெளிய வந்ததும் உங்ககிட்டதான் வரும். நீங்க மடியில ஏந்தி விட்டா, முட்டையிடவும் உங்ககிட்டதான் வரும். அதுக்கு இருபது வருசத்துக்கு மேல ஆகும்மா."

"அப்ப நான் இருக்க மாட்டேன்."

கித்தேரி குவியலில் சரிந்த மணலைக் கையால் மேலே ஒதுக்கினாள்.

"கரை செத்துப் போச்சுன்னா அதுக எங்க மேடம் போகும்?"

"நடந்துக்கிட்டே இருக்கும்."

"மணல்ல நடந்துச்சுன்னா அந்த மணலுக்குத் திரும்ப வந்துரும்னு சொல்றீக. எங்க வீட்டு ஆளு கைப்பிள்ளையா இருக்கையிலேயே அந்த மணல மிதிச்சவரு. அதுலயே நடந்தாரு, அதுலயே படுத்துத் தூங்குனாரு. வரலையே மேடம்."

"ஆமை வரும். மனுசங்களைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா."

முதல் ஆமை இட்ட முட்டைகள் பங்குனி நடுவில் பொரித்தன. மத்தியானம் குவியலின் உச்சியில் ஒரு குழி விழுந்து, குழியிலிருந்து கறுப்பாக ஒரு மூக்கு வந்து, பிறகு மணலே கொதிக்கிற மாதிரி அத்தனையும் வெளியே வந்து சரிந்தன. சரிந்தவை அத்தனையும் கித்தேரியைப் பார்த்துத் திரும்பின. அவள் குழாயடிக்குப் போனால் குழாயடிக்கு வந்தன, வீட்டுக்குப் போனால் வாசற்படியில் முட்டி மோதின. தெருப் பெண்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். "பெத்தவகூட இப்பிடி இழுத்துக்கிட்டுத் திரிய மாட்டாக்கா" என்றாள் ஒருத்தி. கித்தேரி அந்த நேரத்திலிருந்து உட்காரவில்லை. உட்கார்ந்தால்தானே மடி? நின்றபடியே சாப்பிட்டாள், சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடினாள். காலுக்கடியில் அத்தனை பேரும் அவள் உட்காருவதற்காகக் காத்திருந்தார்கள். அவளுக்கு வாழ்க்கையில் எதன் மேலும் அவ்வளவு ஆசை வந்ததில்லை.

மறுநாள் மண்டபத்துக் காய்கறித் தட்டுகளில் ஈரத்துணி விரித்து, குஞ்சுகளை அள்ளிப் போட்டு, காசிமாயன் பிடித்த வேனில் ஏற்றி, சாயங்காலத்துக்குச் சிப்பிமுனை போய்ச் சேர்ந்தார்கள். வசுமதி தட்டுகளைக் கரையின் மேட்டில் சாய்த்தாள். கடலைப் பார்த்து விழுந்த குஞ்சுகள் ஒன்று விடாமல் திரும்பி, வேன் பக்கத்தில் நின்றிருந்த கித்தேரியை நோக்கி நடக்கத் தொடங்கின. அவள் இடது பக்கம் போனாள், அவையும் இடது பக்கம் வந்தன. வசுமதி எடுத்து எடுத்துக் கடல் பக்கம் திருப்பி வைத்தாள். வைக்க வைக்க இந்தப் பக்கம் திரும்பின. கரையில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தில் ஒரு கிழவி கித்தேரியை அடையாளம் கண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"தொம்மை வந்தானா தாயி?"

"இல்ல பெரியம்மா" என்றாள் கித்தேரி. சொல்லிவிட்டு, குஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு, நேராகக் கடலுக்குள் இறங்கினாள்.

முழங்கால், இடுப்பு, மார்பு என்று போய்க் கழுத்தளவுத் தண்ணீரில் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். குஞ்சுகளும் திரும்பின. இப்போது அவளுக்கும் அவற்றுக்கும் நடுவில் சிப்பிமுனைக் கரை முழுவதும் கிடந்தது. நடந்தன. சங்குத் துண்டில் ஏறி இறங்கி, மனிதர்களின் கால்தடத்துக்குள் விழுந்து எழுந்து, வறண்ட மணல், ஈர மணல், நுரை என்று ஒவ்வொன்றாகக் காலால் தொட்டுக்கொண்டு நடந்தன. காசிமாயன் தோள்துண்டைச் சுழற்றிச் சுழற்றிக் காக்காயை விரட்டினார். மல்லாந்து விழுந்த ஒன்றை ஒச்சம்மா தூக்கப் போக, "தூக்காதீங்க! நடக்கட்டும்!" என்று வசுமதி கத்தினாள். அந்தக் குரலுக்குத் தண்ணீருக்குள் ஏந்த நீண்டிருந்த கித்தேரியின் கை தன்னால் பின்னால் போயிற்று.

அலை ஒவ்வொன்றாக அவற்றைத் தூக்கிக்கொண்டது. வந்து அவளைச் சூழ்ந்தன. தண்ணீர் அவள் முந்தானையை உப்ப வைத்து விரித்திருந்தது, அதற்குள் ஏறி ஒதுங்கின. துணி வழியாக அந்தச் சின்னக் கால்கள் அவள் வயிற்றில் தடவுவது தெரிந்தது. இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தால் போதும். இருபது வருசம் கழித்துத் தன்னைத் தேடி இத்தனை பேர் வருவார்கள். தான் இல்லாவிட்டாலும் வருவார்கள், ரோடு ரோடாக வருவார்கள்.

கித்தேரி முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து உதறினாள்.

"போங்க" என்றாள். மறுபடியும் வந்தன. மறுபடியும் உதறினாள். அப்படியும் ஒன்று கழுத்தோரமாக வந்து முகத்தை முகர்ந்தபோது, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். கித்தேரி இருந்த இடத்தில் கடல் மட்டும் இருந்தது. மூச்சு தாங்காமல் அவள் எழுந்தபோது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

வேனில் ஏறச் சொல்லி ஒச்சம்மா கையைப் பிடித்தபோது வரவில்லை என்றுவிட்டாள். "பெரிசுக இன்னும் என்னையத்தான தேடிவரும்? நான் தாரு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தா அதுக வெந்து சாகும். கரைன்னா கரையில இருக்கணும்ல தாயி." ஒச்சம்மா அழுதுகொண்டே வேனில் ஏறினாள். முத்தாலங்குளத்து மணலில் மிச்சமிருந்த குஞ்சுகள் பொரிக்கப் பொரிக்கக் காசிமாயன் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து இறக்கினார், ஒவ்வொரு தட்டுக்கும் கித்தேரி கழுத்தளவில் போய் நின்றாள்.

உடைந்த தொட்டிகளின் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். தை பிறந்தால் வெட்டு விழுந்த காலோடு பழைய ஆமைகள் வந்தன, இப்போது ரோடு ஏற வேண்டியதில்லை, அலையிலிருந்து நேராக அவள் மடிக்கு. அவற்றின் குஞ்சுகளுக்காகப் பங்குனியில் தண்ணீருக்குள் இறங்கினாள். வருசா வருசம் இறங்கினாள், வருசா வருசம் உதறினாள். முத்தாலங்குளத்தில் ஆமை வராமல் போனாலும் பந்தலை எடுக்க யாருக்கும் மனசில்லை. மூக்கையா போன பிறகு அவர் மகன் உப்பைக் கரைத்து வைத்தான், 'ஆமைகளுக்கு மட்டும்' போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தான். காசிமாயனும் ஒச்சம்மாவும் வருசத்துக்கொரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு ஒச்சம்மா மட்டும் வந்தாள், பிறகு அவளும் வரவில்லை. சிப்பிமுனையில் தொம்மை வந்தானா என்று கேட்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். கடைசியில் கேட்க ஆளே இல்லாமல் போனது. அந்தக் கேள்விக்குப் பயந்து ஊரை விட்டுப் போனவள், கேள்வி இல்லாத கரையில் அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய ஆமைகளும் குறைந்துகொண்டே வந்தன. ஒரு வருசம் ஒன்றுதான் வந்தது. அடுத்த வருசம் அதுவும் இல்லை.

தான் இருக்க மாட்டோம் என்று அவள் கணக்குப் போட்டிருந்த வருசத்தில் அவள் இருந்தாள். கண் மங்கிவிட்டது, முதுகு வளைந்துவிட்டது. தை மாதம், வெயில் தாழ்ந்து கரை சிவந்திருந்த நேரம், அலை தொடுகிற இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தண்ணீரிலிருந்து ஒரு முதுகு எழுந்தது. பேராமை. பெருமூச்சு விட்டு, ஊன்றி ஊன்றி, அவளை நோக்கி வந்தது.

பழக்கம் விடுமா? கித்தேரி சேலையை இழுத்து மடியைச் சரி செய்துகொண்டாள். பக்கத்தில் வந்ததும் கையை நீட்டி அதன் இடது முன்னங்காலைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. வெட்டு இல்லை.

ஆமை தலையைத் தாழ்த்தி மணலை முகர்ந்தது. ஒரு கல்லைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது. பிறகு அவளை உரசிக்கொண்டு தாண்டிப் போய், மேட்டில் வறண்ட மணலைத் தேர்ந்துகொண்டு தோண்ட ஆரம்பித்தது. அது வாரி இறைத்த மணல் அவள் முதுகில் வந்து விழுந்தது.

"வந்துட்டியா" என்றாள் கித்தேரி, திரும்பிப் பார்க்காமல். இந்தத் தடவை கண் நனையக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், ஆனாலும் மடி வெறுமையாகத்தான் இருந்தது.

அலைக்குள் இன்னொரு முதுகு எழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவை வருகிற வழியில் தன் கால் நீட்டிக்கிடப்பதைப் பார்த்து, கித்தேரி காலை மடக்கிக்கொண்டாள்.